மெஹர் ஆபாவும் இருபத்தேழாம் சேனலும்

மெஹர் ஆபா காலமான செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. ஈக்காட்டுத்தாங்கலில் என் பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்ததால் பாபு மூன்று முறை கூப்பிட்டும் எனக்குக் கேட்கவில்லை. நான்காவது முறை எடுத்தேன். "இன்னா நைனா, போன எடுக்க மாட்டியா? ஆபா போய்ட்டாங்கபா. நாஷ்டா துன்னுட்டு நாற்காலில உக்காந்தவங்க, அப்டியே..." என்றான். லேத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மெஹருன்னிசா அவர்கள் தொலைபேசி நிலையத்தில் வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உருதுவில் அக்காவை ஆபா என்பார்கள். அவர் கணவர் காதர் பாயைத் தவிர எங்கள் எல்லாருக்கும் அவர் ஆபாதான். பாய் தி.நகரில் பட்டன், ஜிப், லேஸ் விற்கும் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு ரேடியோ விமானம் விட்டார். ஆபா ஒருநாளும் விமானம் விட்டதில்லை. ஆனால் அவர் அனுமதி இல்லாமல் எங்களில் ஒருவரும் விட்டதில்லை.

மீர்சாகிப்பேட்டையில் அவர்கள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அடக்கம் முடிந்து திரும்பியவர்கள் உட்கார்ந்து பழைய கதைகளைப் பேச ஆரம்பித்தார்கள். துக்க வீட்டில் வழக்கமாக நடப்பதுதான். தேனாம்பேட்டையில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் பாபு எங்கள் குழுவில் பழைய ஆள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஆபா மாதிரி ஆளு இனிமே வராதுபா. ஒரே ஒரு தபா தான் சறுக்குனாங்க. நம்ம வைத்தி மாமா பிளேன் வுழுந்துச்சே, அன்னிக்கு இருபத்தேழாம் சேனல் கிளிப்ப ரெண்டு பேருக்குக் குட்த்துட்டாங்க. மத்தபடி கில்லி," என்றான். அவன் குறையாகச் சொல்லவில்லை, பிரியமாகத்தான் சொன்னான். சுற்றி இருந்த நாலைந்து பேரும் தலையாட்டினார்கள்.

காதர் பாய் மட்டும் தலையாட்டவில்லை. "அவ குடுக்கலன்னு சொன்னா, பாபு," என்றார். "அப்ப யாரு பண்ணாங்கன்னு கேட்டேன். எனக்குத் தெரியும், ஆனா அது நான் சொல்ற விஷயம் இல்லன்னுட்டா. எத்தனையோ வாட்டி கேட்டேன். அதே பதில் தான்."

என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஆபா சொன்னது உண்மை. அன்று அவர் யாருக்கும் தவறாகக் கிளிப் கொடுக்கவில்லை. வைத்தியின் விமானத்தை விழவைத்தவன் நான். அது ஆபாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. இருபத்திரண்டு ஆண்டுகளாக என் தவறை ஒரு நல்ல மனுஷியின் பெயரில் ஏற்றி வைத்திருந்தேன். அதை இறக்கத்தான் இதை எழுதுகிறேன். அஞ்சலிக் கட்டுரையில் தன்னைப் பற்றி இவ்வளவு எழுதலாமா என்று யாராவது முகம் சுளித்தால், கொஞ்சம் பொறுத்துப் படிக்கவும். நான் இதில் நல்லவனாக வரப்போவதில்லை.

எங்கள் குழு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். இருபது பேர் இருந்தால் அதிகம். அடையாறு தாண்டி அப்போது காலியாகக் கிடந்த ஒரு மைதானத்தில் ஞாயிறு காலையில் கூடுவோம். பால்சா மரத்தில் கட்டிய விமானம், ஒரு சின்ன எஞ்சின், கையில் நீளமான ஆன்டெனா வைத்த டிரான்ஸ்மிட்டர். இவ்வளவுதான் எங்கள் சொத்து. காதர் பாய் முதல் முறை ஆபாவை அழைத்து வந்தது துணைக்கு அல்ல. பாயின் விமானம் வாரா வாரம் முள்ளுக்காட்டில் விழும். எந்தப் புதரில் விழுந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

வந்த அன்றைக்கே ஆபாவின் கண் எங்கள் பலகையில் விழுந்தது. அது ஒரு சாதாரண ஒட்டுப் பலகை. அதில் வரிசையாகத் துணி உலர்த்தும் கிளிப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு சேனல் எண். அந்தக் காலத்து செட் ஒவ்வொன்றிலும் ஒரு கிரிஸ்டல் உண்டு. விரல் நகம் அளவு உலோக டப்பிக்குள் ஒரு குவார்ட்ஸ் சில்லு. மின்சாரம் கொடுத்தால் அது தனக்கென்று வெட்டப்பட்ட ஒரே வேகத்தில்தான் அதிரும், வேறு எந்த வேகத்திலும் அதிராது. அந்த வேகம்தான் உங்கள் சேனல். ஒரே சேனலில் இரண்டு பேர் ஸ்விட்சைப் போட்டால் மேலே பறக்கும் விமானத்துக்கு யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாது. விழுந்துவிடும். அதனால் ஒரு எண்ணுக்கு ஒரே ஒரு கிளிப். கிளிப்பை எடுத்து உங்கள் ஆன்டெனாவில் மாட்டிய பிறகுதான் ஸ்விட்சைத் தொடலாம். பலகையில் உங்கள் எண் இல்லையென்றால் போய் உட்கார்ந்து டீ குடிக்கலாம்.

விதி நல்ல விதிதான். ஆனால் எல்லாரும் தாமே எடுப்பார்கள், தாமே வைப்பார்கள், பாதிப் பேர் கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேற்கு மாம்பலம் வரை போய்விடுவார்கள். அந்தப் பாதிப் பேரில் நானும் ஒருவன். ஆபா அரை மணி நேரம் இதைப் பார்த்தார். பிறகு ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிப் பலகைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். "இனிமே யாரும் தானா எடுக்க வேணாம். எங்கிட்ட கேளுங்க, நான் தர்றேன்," என்றார். அவரை யாரும் நியமிக்கவில்லை. பதினைந்து வருடம் அந்த நாற்காலியை யாரும் திருப்பிக் கேட்கவும் இல்லை.

கிரிஸ்டல் என்றால் என்ன என்று அவருக்கு விளக்க நான் முன்வந்தேன். குழுவில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுப்பவன் நான்தான், கேட்காதவர்களுக்கும் எடுப்பேன். பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டிரங்க் லைன் தானே, தம்பி," என்றார். "ஒரே கம்பியில பன்னெண்டு பேரு பேசுவாங்க. ஆளுக்கு ஒரு ஃப்ரீக்வன்சி. ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குக் கேக்காது. கேட்டுச்சுன்னா எங்கயோ ஒண்ணு இடம் தள்ளி ஒக்காந்திருக்குன்னு அர்த்தம். உங்களுக்குக் கம்பி இல்ல, அவ்வளவு தான்." அதற்குப் பிறகு அவருக்கு நான் பாடம் எடுக்கவில்லை.

காதர் பாயின் முதல் செட் ஏஎம் வகை. அலையின் பலத்தைக் கூட்டிக் குறைத்துச் செய்தி சொல்வது ஏஎம். பலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதிர்வை இம்மி அளவு இப்படியும் அப்படியும் தள்ளிச் சொல்வது எஃப்எம். இரண்டிலும் போகும் செய்தி ஒன்றுதான்: நொடிக்கு ஐம்பது தடவை போகும் துடிப்பு வரிசை. இரண்டு துடிப்புக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதுதான் வாலைத் திருப்பு, இறக்கையைச் சாய் என்கிற உத்தரவு. மைதானத்தை ஒட்டி ஆட்டோ போகும்போதெல்லாம் பாயின் விமானம் வானத்தில் நடுங்கும். பாய் ஆட்டோக்காரர்களைத் திட்டுவார். ஒருநாள் ஆபா சொன்னார்: "ஆட்டோவோட ஸ்பார்க்கும் சத்தமாத் தானே வருது. உங்க செட்டு சத்தம் கூடுதா கொறையுதான்னு தான் பாக்குது. எது உங்க சத்தம், எது ஆட்டோ சத்தம்னு அதுக்கு எப்படித் தெரியும்? எஃப்எம் வாங்குங்க." பாய் வாங்கினார். நடுக்கம் நின்றது, விழுவது நிற்கவில்லை. "இப்ப ஆட்டோ மேல பழி போட முடியல, பாருங்க," என்றார் ஆபா.

அவரிடம் ஆள் பார்த்துப் பேசும் பழக்கம் கிடையாது. பெரிய பதவியில் இருந்த ஒருவர் ஒரு தடவை டிரைவரோடு வந்து இறங்கினார். அவருக்கும் பாபுவுக்கும் ஒரே சேனல். பாபு அப்போதுதான் மேலே ஏற்றியிருந்தான். கொஞ்சம் சீக்கிரம் இறக்கச் சொல்லுங்களேன், எனக்கு வேலை இருக்கிறது என்றார் வந்தவர். "அவர் இறங்குனதும் தர்றேன் சார். நான் எக்ஸ்சேஞ்சுல மந்திரியவே வெயிட்டிங்ல வச்சிருக்கேன்," என்று ஒரு நாற்காலியைக் காட்டினார் ஆபா. அவர் உட்கார்ந்தார். பாபு அன்று வேண்டுமென்றே இன்னும் இரண்டு சுற்று சுற்றினான் என்பது வேறு விஷயம்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. வைத்தி என்று நாங்கள் கூப்பிடும் வைத்தியநாதன் மயிலாப்பூர்க்காரர், அப்போது வங்கி ஊழியர். மொட்டை மாடியில் எட்டு மாதம் உட்கார்ந்து ஏழடி இறக்கை கொண்ட ஒரு விமானம் கட்டியிருந்தார். ஒவ்வொரு விலா எலும்பையும் கையாலேயே அறுத்தவர். அவருடைய சேனல் இருபத்தேழு. அன்று அதற்கு முதல் பறப்பு.

நான் அந்த வாரம்தான் சேனல் மாற்றியிருந்தேன். பழைய எண்ணில் மூன்று பேர் இருந்ததால் காத்திருந்தே காலை போய்விடும். சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் ஐம்பதாம் சேனல் கிரிஸ்டல் ஜோடி ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். ஒன்று டிரான்ஸ்மிட்டருக்கு, இன்னொன்று விமானத்துக்குள் இருக்கும் ரிசீவருக்கு. இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே கால்கள், ஒரே எண். டிரான்ஸ்மிட்டருடையதில் டிஎக்ஸ், ரிசீவருடையதில் ஆர்எக்ஸ் என்று எழுதிய இரண்டு பிளாஸ்டிக் நாக்குகள் அவற்றில் ஒட்டியிருந்தன. அவை ரிசீவரின் மூடியைச் சரியாக மூட விடவில்லை. பிய்த்துப் போட்டேன். ஜோடிதானே, எண் ஒன்றுதானே, எது எதில் போனால் என்ன என்று நினைத்தேன். பட்டறையில் ஒரு நூல் பிசகினால் வேலையாட்களை உண்டு இல்லை என்று பண்ணுகிற நான் அப்படி நினைத்தேன்.

எண் ஒன்றுதான், ஆனால் கிரிஸ்டல் ஒன்று அல்ல. ரிசீவர் கிரிஸ்டலை வேண்டுமென்றே 455 கிலோஹெர்ட்ஸ் குறைவாக அதிரும்படி வெட்டுவார்கள். வருகிற அலையையும் தன் கிரிஸ்டலின் அலையையும் ரிசீவர் கலந்து பார்க்கும். அந்த 455 வித்தியாசத்தைத்தான் அது பிடித்துக்கொள்ளும். செய்தி அதற்குள்தான் இருக்கும். நான் செய்தது போல இரண்டு கிரிஸ்டலையும் இடம் மாற்றிப் போட்டாலும் வித்தியாசம் அதே 455. அதனால் என்னுடைய ஏஎம் செட் கச்சிதமாக வேலை செய்தது. வீட்டில் சோதித்தேன், மைதானத்தில் சோதித்தேன், வால் சொன்னபடி ஆடியது. ஆனால் என் டிரான்ஸ்மிட்டர் ஐம்பதாம் சேனலில் இல்லை. 455 கீழே இறங்கி, நேராக இருபத்தேழின் மடியில் போய் உட்கார்ந்திருந்தது.

ஆபா எனக்கு ஐம்பதாம் எண் கிளிப்பைக் கொடுத்தார். வைத்திக்கு இருபத்தேழைக் கொடுத்தார். அவர் செய்ததில் ஒரு துளி பிசகில்லை. எஃப்எம் ரிசீவருக்கு ஒரு குணம் உண்டு: இரண்டு அலை வந்தால் பலமானதைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டுவிடும். வைத்தியின் விமானம் அவர் தலைக்கு மேலே சுற்றியவரை அவர் சொல்வதைக் கேட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். மைதானத்தின் கிழக்கு மூலையில் நான் என் விமானத்தை ஓட விட்டுக்கொண்டிருந்தேன். வைத்தி அகலமாக ஒரு திருப்பம் எடுத்து என் மூலைக்குக் கொண்டுவந்தார். அங்கே என் அலைதான் பலம். விமானம் ஒருமுறை சிலிர்த்தது, தலைகீழாகப் புரண்டது, டீக்கடைப் பெஞ்சுக்கு இருபதடி தள்ளித் தரையில் செருகியது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எட்டு மாத வேலை சில்லாகக் கிடந்தது.

வைத்தி, "எங்கிட்ட கண்ட்ரோலே இல்லை, யாரோ இருபத்தேழுல இருந்திருக்கா," என்றார். அன்று கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார், அவருக்கும் இருபத்தேழு. இதற்கு இரண்டு வாரம் முன்னால் ஆபா இருபத்தேழின் கிளிப் விரிசல் விட்டிருக்கிறது என்று புதிதாக ஒன்று செய்திருந்தார். அவ்வளவுதான், பழைய கிளிப்பும் எங்கோ இருந்திருக்கிறது, ஆபா கவனிக்காமல் அதைக் கோயம்புத்தூர்க்காரரிடம் கொடுத்துவிட்டார் என்று ஐந்து நிமிடத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். அந்த மனிதர் ரயிலுக்குக் கிளம்பிப் போயிருந்தார். "பழச நான் ஒடச்சுப் போட்டேன். போர்டு சரியா இருந்துச்சு," என்று ஆபா இரண்டு தடவை சொன்னார். கிளிப் குழப்பமாகத்தான் இருக்கும் என்று அடித்துச் சொன்ன முதல் ஆள் நான். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது என்பது உண்மைதான். தெரியாத விஷயத்தை அவ்வளவு உறுதியாகச் சொன்னதும் உண்மைதான்.

வியாழக்கிழமை மதியம் ஆபா என் பட்டறைக்கு வந்தார், தனியாக, பஸ்ஸில். கையில் ஒரு வயர்கூடை. அதற்குள் வைத்தியின் டிரான்ஸ்மிட்டரும், நொறுங்கிய விமானத்திலிருந்து எடுத்த ரிசீவரும், வாலை அசைக்கும் ஒரு சர்வோ மோட்டாரும் இருந்தன. வைத்தியிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். விமானம் விழுந்த நேரத்தில் ஸ்விட்ச் போட்டிருந்தவர்கள் வைத்தியையும் என்னையும் சேர்த்து நான்கு பேர். மற்ற இரண்டு பேர் வீட்டுக்கு ஏற்கெனவே போய்விட்டு வந்திருந்தார்.

"உங்க செட்டு இங்க தானே இருக்கு, சேகர் தம்பி?"

"இருக்கு ஆபா. எதுக்கு?"

"பாக்கணும்."

வைத்தியின் செட்டை மேசையின் ஒரு கோடியில் வைத்து ஸ்விட்சைப் போட்டார். சர்வோவின் சின்னக் கை அசையாமல் நின்றது. "இப்ப உங்களத போடுங்க," என்றார். போட்டேன். அந்தக் கை வெடவெடவென்று உதறியது. அணைக்கச் சொன்னார், நின்றது. போடச் சொன்னார், உதறியது. மூன்றாவது தடவை அவர் சொல்லவில்லை, நானே போட்டேன்.

கிரிஸ்டலைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். டப்பியின் மேல் பொடி எழுத்தில் பொறித்திருந்தார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆர்எக்ஸ்னு போட்டிருக்கு, தம்பி," என்றார். என் மேசையில் கிடந்த சாக்பீஸை எடுத்து இரும்புத் தகட்டின் மேல் கணக்குப் போட்டார். ஐம்பதாம் சேனல் 72.790 மெகாஹெர்ட்ஸ். அதில் 455 கிலோஹெர்ட்ஸ், அதாவது 0.455, கழித்தால் 72.335. இருபத்தேழு 72.330. "அஞ்சு தான் தள்ளி. எங்க எக்ஸ்சேஞ்சுல இதுக்குப் பேரு கிராஸ்டாக்," என்றார்.

அவர் குரலில் வெற்றி இல்லை, கோபமும் இல்லை. டீ வரவழைத்தேன், குடித்தார். "ஞாயித்துக்கிழமை எல்லாரும் இருக்கும்போது நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா, என் தப்ப மறைக்க உங்க மேல போடறேன்னு தான் பேசுவாங்க. நீங்க சொன்னாத் தான் முடியும்," என்றார். கண்டிப்பாகச் சொல்கிறேன் ஆபா என்றேன். அவர் நம்பினார். கூடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் வாயைத் திறப்பதற்குள் வைத்தி எழுந்து நின்றார். "போனது போறது. யாருக்குமே கை தவறும். ஆபா மனசு கஷ்டப்படப் படாது. இதைப் பத்தி இனிமே யாரும் பேச வேண்டாம்," என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். வைத்தியின் பெரிய மனதைப் பாராட்டினார்கள். "எனக்குக் கை தவறல, வைத்தி சார்," என்றார் ஆபா. அவர் என் பக்கம் பார்த்தார். நான் ஏற்கெனவே சுத்தமாக இருந்த என் எஞ்சினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு இத்தனை ஆண்டுகளில் எனக்கு நானே பல காரணங்கள் சொல்லியிருக்கிறேன். முடிந்துபோன விஷயம், வைத்தியே மறந்துவிட்டார், கிளறினால் மனஸ்தாபம். எல்லாம் சப்பைக்கட்டு. எல்லாருக்கும் பாடம் எடுக்கிற ஆள் இரண்டு கிரிஸ்டலை மாற்றிப் போட்டான் என்று தெரிந்தால் சிரிப்பார்களே என்ற வெட்கம், அவ்வளவுதான். அந்த வெட்கத்துக்கு நான் ஆபாவின் பெயரைக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு முதல் ஆபா ஒரு புது விதி கொண்டுவந்தார். கிளிப் கேட்டு வருகிறவர்கள் டிரான்ஸ்மிட்டரின் பின் மூடியைத் திறந்து கிரிஸ்டலைக் கழற்றிக் காட்ட வேண்டும். "டிஎக்ஸ் காட்டுங்க," என்பார். எழுத்தைப் படித்த பிறகுதான் கிளிப். ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். "அன்னிக்கு நடந்ததுலேந்து பாவம், ஆபா ரொம்பப் பயந்துட்டா," என்று வைத்தி என்னிடமே சொன்னார். இப்படி ஒன்பது வருடம். நானும் வரிசையில் நின்று காட்டினேன். மற்றவர்களுடையதைப் பார்ப்பது போலவே என்னுடையதையும் பார்த்தார், அதே முகத்தோடு, அதே அளவு நேரம். "சரி, எடுத்துக்கோங்க தம்பி," என்பார். அந்த ஒன்பது வருடத்தில் எங்கள் மைதானத்தில் சேனல் மோதி ஒரு விமானமும் விழவில்லை. காதர் பாயின் விமானம் விழுந்தது. அதற்குச் சேனல் தேவையில்லை.

பிறகு புது செட்டுகள் வந்தன. அவை ஸ்விட்ச் போட்டதும் காலியான இடத்தைத் தாமே தேடிக்கொள்கின்றன, நொடிக்குப் பல தடவை இடம் மாறுகின்றன. கிரிஸ்டலுக்கு வேலை இல்லை, பலகைக்கும் வேலை இல்லை. ஆபா அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "எக்ஸ்சேஞ்சுலயும் இப்படித் தான் ஆச்சு. நல்லது தான், ஜனங்க காத்திருக்க வேணாம்," என்றார். பலகையைக் கழற்றிய அன்று தனியாகப் போய், "ஆபா, அந்த விஷயம்..." என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "எனக்குத் தெரிஞ்சத எனக்கே எதுக்கு சொல்றீங்க, தம்பி? சொல்ல வேண்டியவங்க கிட்ட சொல்லுங்க," என்றார். அந்த விஷயமாக அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அதன் பிறகும் பன்னிரண்டு பதின்மூன்று வருடம் ஈத் தவறாமல் என் வீட்டுக்கு ஷீர் குருமா என்கிற சேமியா பாயசம் வந்தது.

அடக்கத்துக்கு மறுநாள் மயிலாப்பூர் போனேன். வைத்திக்கு இப்போது எழுபத்து மூன்று வயது, முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் அடக்கத்துக்கு வரவில்லை. சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், கிரிஸ்டல், 455, வயர்கூடை, டீ எல்லாம்.

"பிளேன் போனா போறது," என்றார் கடைசியில். "அதை நான் என்னிக்கோ விட்டாச்சு. ஆனா இருபத்திரண்டு வருஷமா நான் அவாளை மன்னிச்சுண்டே இருந்தேனே, சேகர். பாக்கறச்சே எல்லாம் பெரிய மனுஷனாட்டம் சிரிச்சுண்டு, பரவாயில்லை ஆபான்னு. ஒவ்வொரு ரம்ஜானுக்கும் நம்மாத்துக்குப் பாயசம் குடுத்தனுப்புவா. பாவம், அந்தக் குத்த உணர்ச்சி இன்னும் போகலைன்னு நெனச்சுண்டு சாப்பிட்டிருக்கேன்."

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் கைத்தடியைத் தேடினார். "ஆட்டோ கூப்பிடு. பாயாத்துக்குப் போகணும்," என்றார்.

காதர் பாயிடம் இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நான் சொல்லி முடித்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீங்க எந்தச் சேனல்ல இருந்தீங்க?" ஐம்பது என்றேன். அவர் உதடு அசைந்தது, கழித்துப் பார்க்கிறார் என்று புரிந்தது. "ஆமா. இருபத்தேழு தான் வருது," என்றார். பிறகு, "அவ சொன்னப்ப நம்பறேன்னு தான் சொன்னேன், தம்பி. பொண்டாட்டிங்கறதால நம்பினேனா, நெஜமாவே நம்பினேனான்னு எனக்கே தெரியாம இருந்துச்சு. இத அவ இருக்கும்போது சொல்லியிருக்கலாம் நீங்க," என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமலே என்னால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பாய் எங்களை ஆபாவை அடக்கம் செய்த கபர்ஸ்தானுக்கு அழைத்துப் போனார். வைத்தி தடியை ஊன்றிக்கொண்டு பாயின் தோளைப் பிடித்தபடி உள்ளே நடந்தார். புது மண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்று, காது கேளாதவரிடம் பேசுவது போல உரக்கச் சொன்னார்: "ஆபா, நான் தான் வைத்தி. என்னை நீங்கோ மன்னிக்கணும்." வாசலில் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது.

நான் உள்ளே போகவில்லை. பாய் திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டார், தலையாட்டி மறுத்துவிட்டேன். எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்கள் என்றுதான் ஆபா கேட்டார். இரண்டு பேரிடம் சொல்லிவிட்டு அவர் முன்னால் போய் நிற்க எனக்குத் தகுதி இல்லை. அன்று மைதானத்தில் கைதட்டியவர்கள் இப்போது பல ஊர்களில் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் கைக்கும் இது போகிறது. பாபு, உன் கடைக்கு வருகிற நம் ஆட்களுக்கு இதை நீயே சத்தமாகப் படித்துக் காட்டு.

எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், ஆபா. நாளைக் காலையில் உள்ளே வருகிறேன்.